எண்ணெய் வித்தில் ஒரு நொதியை நிறுத்துவது: கொழுப்பு அமிலங்களை மரபணு வழியே மாற்றும் முறை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ அதிகாலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெந்நீரில் வைத்தோ அடுப்போரத்தில் வைத்தோ உருக்கித்தான் எடுக்க வேண்டும். அதே அலமாரியில் இருக்கும் கடலை எண்ணெய் சற்றுக் கலங்கித் தடித்திருக்கும். சூரியகாந்தி எண்ணெய் அந்தக் குளிரிலும் தெளிவாக ஓடும். மூன்றும் கொழுப்புதான் என்றாலும், அக்கொழுப்பில் அடங்கியுள்ள அமிலங்கள் வேறு வேறு என்பதே இதற்குக் காரணம். அந்த அமிலங்களின் விகிதத்தைச் செடியின் மரபணுவிலேயே எப்படி மாற்றுகிறார்கள், சடுதிமாற்றம் என்னும் பழைய வழியும் மரபணுத் திருத்தம் என்னும் புதிய வழியும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை முன்னறிவு எதுவும் தேவைப்படாத வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

நீலகிரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் தைலம் இந்தக் கணக்கில் சேராது. யூகலிப்டஸ் இலையை வடித்தெடுக்கும் தைலம் ஆவியாகும் வகையைச் சேர்ந்தது. அதில் நாம் பேசும் கொழுப்பு இல்லை. ஒரு காகிதத்தில் தைலத்தையும் கடலை எண்ணெயையும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தால், தைலத்தின் தடம் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். கடலை எண்ணெயின் கறை மறுநாளும் இருக்கும். கறையாக நிற்கும் வகையைப் பற்றியதே இக்கட்டுரை. நீலகிரியில் தேயிலையும் மலைக்காய்கறியும்தான் முதன்மையான பயிர்கள். சமையலுக்கான எண்ணெய் பெரும்பாலும் கீழேயிருந்துதான் மலையேறி வருகிறது. ஆனால் எண்ணெயின் குணத்தைப் புரிந்துகொள்ள இந்த மலைக்குளிரைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரால் என்னும் ஒரு சிறு பகுதியும், அதில் தொங்கும் மூன்று நீண்ட கார்பன் சங்கிலிகளும் உள்ளன. இந்தச் சங்கிலிகளே கொழுப்பு அமிலங்கள். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு (அடுத்தடுத்த இரு கார்பன்கள் இரட்டையாக இணைந்திருப்பது) ஒன்றுகூட இல்லையென்றால் அது நிறைவுற்ற கொழுப்பு அமிலம். அதன் வடிவம் நேராக இருக்கும். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சங்கிலியில் ஒரு வளைவை ஏற்படுத்தும். நேரான விறகுகளை இடைவெளியின்றி நெருக்கிக் கட்டிவிடலாம், கோணல் சுள்ளிகளை அப்படிக் கட்ட முடியாது, சங்கிலிகளும் அவ்வாறே. நேரானவை நெருங்கி அடுக்கப்படுவதால் எளிதில் உறைகின்றன, வளைந்தவை விலகி நிற்பதால் குளிரிலும் திரவமாகவே இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது என்பதால்தான் வெப்பம் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்கியதும் அது கட்டியாகிறது.

இக்கட்டுரைக்குத் தேவையான பெயர்கள் சில மட்டுமே. பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்களும் ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன்களும் உள்ளன, இரண்டும் நிறைவுற்றவை. அதே 18 கார்பன் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒலியிக் அமிலம், இரண்டு வந்தால் லினோலியிக் அமிலம், மூன்று வந்தால் லினோலெனிக் அமிலம். சாதாரணக் கடலை எண்ணெயில் ஒலியிக் பாதியளவும் லினோலியிக் மூன்றில் ஒரு பங்கு அளவும் இருக்கும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக்தான் மேலோங்கி நிற்கும்.

இரட்டைப் பிணைப்பு கூடக் கூட எண்ணெய் காற்றோடு எளிதில் வினைபுரிகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பனில் உள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாகப் பிணைந்திருப்பதால், ஆக்சிஜனோடு நடக்கும் சங்கிலி வினை அங்கேதான் தொடங்குகிறது. ஒலியிக் அமிலத்தில் அப்படியோர் இடம் இல்லை, லினோலியிக்கில் ஒன்று உண்டு, லினோலெனிக்கில் இரண்டு. ஆகவே ஒலியிக்கைவிட லினோலியிக் பத்து மடங்கு வேகத்திலும் லினோலெனிக் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்திலும் கெடுகின்றன. பாட்டில் திறந்து நாளான எண்ணெயில் வரும் சிக்கு வாடை இதன் விளைவே. ஊட்டி வர்க்கி செய்யும் பேக்கரிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். மாவை மடித்து மடித்து ஏடு ஏடாக்க, அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும் கொழுப்பு வேண்டும். பொட்டலத்தில் நாட்கணக்கில் கிடந்தாலும் அது வாடை அடிக்கக் கூடாது. இதற்காகத்தான் திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி வனஸ்பதி தயாரித்தார்கள். ஹைட்ரஜனேற்றம் அரைகுறையாக நிற்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது இதயத்துக்குக் கேடு என்பது உறுதியானதால், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றுவதற்குப் பதிலாக, வேண்டிய குணத்தோடு விதையிலேயே எண்ணெய் விளைந்தால் என்ன என்பதே பயிர் விஞ்ஞானிகளின் கேள்வி.

விடை காண, விதை தன் எண்ணெயைத் தயாரிக்கும் வரிசையைப் பார்க்க வேண்டும். விதை முதலில் நிறைவுற்ற சங்கிலியைக் கட்டுகிறது. 16 கார்பன் எட்டியதும் ஒரு நொதி (உயிரணுவில் வேதிவினையை நடத்தும் புரதம்) அதில் ஒரு பகுதியை வெட்டி விடுவித்தால் அது பால்மிட்டிக்காக நின்றுவிடும். மீதி 18 கார்பனாக வளர்ந்து ஸ்டியரிக் ஆகும். அடுத்து வரும் நொதி ஸ்டியரிக்கில் முதல் இரட்டைப் பிணைப்பை இட்டு அதை ஒலியிக்காக மாற்றுகிறது. அதன்பின் ஃபேட்-2 என்னும் நொதி இரண்டாம் இரட்டைப் பிணைப்பை இட்டு லினோலியிக்கை உருவாக்குகிறது; ஃபேட்-3 மூன்றாவதை இட்டு லினோலெனிக்கை உருவாக்குகிறது. கடுகு இனத்தில் ஒரு கிளை வழியும் உண்டு: அங்கே வேறொரு நொதி ஒலியிக்கின் சங்கிலியை மேலும் நீட்டி, 22 கார்பன் கொண்ட எரூசிக் அமிலமாக்குகிறது.

ஒவ்வொரு நொதியின் செய்முறையும் ஒரு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. வரிசையில் ஓரிடத்தில் நொதி செயலிழந்தால், அதற்கு முந்தைய பொருள் மாறாமல் தேங்கும். ஃபேட்-2 நின்றால் ஒலியிக் குவியும், லினோலியிக் குறையும். ஃபேட்-3 நின்றால் லினோலியிக் மிகுந்து லினோலெனிக் குறையும். இந்தத் துறையில் இதுவரை கிட்டிய வெற்றிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே உத்தியில் அடங்கிவிடும். மரபணு மாற்றம் என்றாலே வெளியிலிருந்து ஏதோவொன்றைச் செடிக்குள் புகுத்துவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கே நடப்பதோ பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒன்றை நிறுத்துவது.

நொதியை நிறுத்தும் வேலையை இயற்கை எப்போதோ தொடங்கிவிட்டது. உயிரணு பிரியும்போது மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. அதில் அரிதாக ஓர் எழுத்து (மரபிழையான டிஎன்ஏவின் ஓர் அலகு) மாறிப்போவதே இயற்கையான சடுதிமாற்றம். இந்தியாவிலிருந்து சென்ற குசும்பா விதையில் ஒலியிக் மிகுந்த வகை ஒன்று 1950களில் அடையாளம் காணப்பட்டு, பின்னர் கலிபோர்னியாவில் ரகமாக வளர்த்தெடுக்கப்பட்டது. (நம் விதைக்குள் இருந்ததைக் கண்டெடுத்தவர்கள் வேறு நாட்டவர் என்பது சற்று உறுத்தத்தான் செய்கிறது.) 1987இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 80 விழுக்காடு ஒலியிக்கும் வெறும் 2 விழுக்காடு லினோலியிக்கும் கொண்ட ஒரு கடலை வரிசையைக் கண்டறிந்ததாக வெளியிட்டார்கள். காரணம் பின்னரே விளங்கியது. இன்றைய கடலை இரண்டு காட்டு இனங்கள் கலந்து உருவானது. ஆகவே அதில் ஃபேட்-2 மரபணுவும் இரண்டாக உள்ளது. ஒன்றில் ஓர் எழுத்து மாறியதால் நொதியின் கட்டுமானக் கூறான ஓர் அமினோ அமிலம் மாறிப் பழுதாகியிருந்தது. மற்றதில் ஓர் எழுத்து கூடுதலாகப் புகுந்ததால் அதற்குப் பின்வரும் செய்தி முழுவதும் குழம்பியிருந்தது. முதல் பழுது மட்டும் உள்ள கடலை ரகங்கள் உலகில் ஏற்கெனவே பல இருந்தன. ஆனால் ஒரு நொதி நின்றால் மற்றொன்று வேலையைத் தொடர்ந்து செய்யும்; இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து பழுதானபோதுதான் எண்ணெய் அடியோடு மாறியது.

அந்த அமெரிக்க வரிசையிலிருந்து வந்த சன்ஒலியிக் 95ஆர் என்னும் ரகத்தை ஒரு பெற்றோராகக் கொண்டு, ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் ஜூனாகத்திலுள்ள நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து உருவாக்கிய கிர்னார்-4, கிர்னார்-5 ஆகியவை 2020இல் நாட்டுக்கு அறிமுகமாயின. இவற்றின் எண்ணெயில் ஒலியிக் 78 விழுக்காட்டை ஒட்டி உள்ளது. கலப்பினப் பெருக்கத்தில் கிடைத்த நாற்றுகளில் இரண்டு பழுதுகளும் எதில் சேர்ந்துள்ளன என்பதை இலைத்துண்டிலிருந்து எடுத்த மரபுச் செய்தியைச் சோதித்தே அறியலாம் என்பதால், காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இயற்கைக்காகக் காத்திராமல் சடுதிமாற்றத்தைத் தூண்டும் வழியும் ஏறத்தாழ நூறாண்டுப் பழமை கொண்டது. எக்ஸ் கதிர் பட்ட பார்லியில் சடுதிமாற்றம் தோன்றுவதை அமெரிக்க மரபியலாளர் ஸ்டாட்லர் 1928இல் வெளியிட்டார். பின்னர் காமா கதிர்களும் வேதிப்பொருள்களும் வந்தன. 1976இல் சோவியத் ஒன்றியத்தில் சொல்தாதோவ், சூரியகாந்தி விதைகளை டைமெத்தில் சல்பேட் கரைசலில் நனைத்து, அதிலிருந்து பெர்வெனெட்ஸ் என்னும் ஒலியிக் மிகுந்த ரகத்தை வெளியிட்டார். இன்று உலகச் சந்தையில் உள்ள ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி இந்த வேரிலிருந்து வந்ததே. ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஸ்ரோ, வேதிப்பொருளான எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் கொண்டு ஆளிவிதையின் ஃபேட்-3 நொதிகளை நிறுத்தி, பாதிக்கு மேல் இருந்த லினோலெனிக்கை 2 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கியது. சாதாரண ஆளி எண்ணெய் காற்றில் விரைந்து இறுகுவதால் பெயின்ட்டுக்கும் மரப்பூச்சுக்கும் ஏற்றது. இந்தப் புதிய எண்ணெயோ சமையலறைக்கு வந்தது.

இந்த வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. வேதிப்பொருளில் ஊறிய விதைகளை நன்கு கழுவி விதைக்கிறார்கள். அந்த முதல் தலைமுறையில் எண்ணெயில் மாற்றம் பெரும்பாலும் தென்படாது. மரபணுவின் இரு படிகளில் (நகல்களில்) ஒன்று மட்டுமே பழுதாகியிருக்கும், மற்றொன்று நொதியைத் தொடர்ந்து உண்டாக்கும். அச்செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு எடுக்கும் அடுத்த தலைமுறையில்தான் இரு படிகளும் பழுதான விதை சில கிடைக்கும். ஆயிரக்கணக்கான விதைகளில் அந்தச் சிலவற்றைக் கண்டறிய வேண்டும். அதே நேரம், எண்ணெயைச் சோதிக்க விதையை அரைத்துவிட்டால் முளைக்க வைக்க எதுவும் மிஞ்சாது. இதற்குக் கண்ட வழி அரைவிதை முறை. முளைக்கருவுக்கு எதிர்ப்புறமுள்ள பருப்பிலிருந்து சிறு துண்டை மட்டும் பிளேடால் சீவி, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் இட்டு அமிலங்களின் விகிதத்தை அறிகிறார்கள். முளைக்கருவோடு கூடிய மீதிப் பகுதி ஈரத்தாளில் எண்ணிட்டுக் காத்திருக்கும். விடை சாதகமாக வந்தால் அது நாற்றாகும். கனடாவில் எரூசிக் அமிலம் மிகக் குறைந்த ரேப்சீட் (கடுகு இன எண்ணெய் வித்து) உருவாகி, கனோலா என்னும் பெயரில் உலகெங்கும் பரவியதற்கு இந்த எளிய உத்தி பெரிதும் உதவியது.

தூண்டப்பட்ட சடுதிமாற்றத்தின் பலவீனம் அதன் குருட்டுத்தனம். வேதிப்பொருளுக்கு ஃபேட்-2 எங்கே இருக்கிறதென்று தெரியாது. மரபுத்தொகுதியெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்துகளை மாற்றிவிடும். வேண்டியதோடு வேண்டாதவையும் சேர்ந்தே வரும். விளைச்சலைக் குறைக்கும் மாற்றங்களைக் கழிக்க, நல்ல ரகத்தோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கலப்பு செய்ய வேண்டும். இதற்கு ஆண்டுகள் பிடிக்கும். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் எண்ணெய் வித்துக்கானது அன்று, கோதுமைக்கானது. ஆனால் சமவெளியில் கோதுமை வளராத கோடையில் இந்த மலைக்குளிரைப் பயன்படுத்தி ஒரு தலைமுறையைக் கூடுதலாக எடுப்பதற்கு அது பயன்படுகிறது என்பதிலிருந்து, பயிர்ப் பெருக்கத்தில் ஒரு தலைமுறைக் காலம் எவ்வளவு மதிப்புடையது என்பதை ஊகிக்கலாம். மேலும், ஒரே வேலைக்கு இரண்டு, மூன்று மரபணுக்கள் இருக்கும் பயிரில் அவை அனைத்தும் ஒரே விதையில் தற்செயலாகப் பழுதாவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. தனித்தனியே கண்டெடுத்துப் பின்னர் சேர்க்க வேண்டும்.

மரபணுத் திருத்தம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. 2012இல் ஷார்பென்டியேவும் டௌட்னாவும் விளக்கி, 2020இல் நோபல் பரிசு பெற்ற கிரிஸ்பர் முறையில் இரண்டு உறுப்புகள் உள்ளன: மரபிழையை வெட்டும் காஸ்9 என்னும் புரதம், வெட்ட வேண்டிய இடத்துக்கு அதை அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஆர்என்ஏ. வழிகாட்டியில் உள்ள 20 எழுத்துகள் மரபிழையில் எந்த இடத்தோடு பொருந்துகின்றனவோ அங்கே மட்டும் காஸ்9 வெட்டும். வெட்டுப்பட்ட இழையைச் செடி தானே அவசரமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விடுபடும் அல்லது கூடும். மரபுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், ஒரே ஓர் எழுத்து கூடினாலும் அதற்குப் பின்வரும் மும்மைகள் அனைத்தும் இடம் பெயர்ந்துவிடும். நொதி அரைகுறையாக உருவாகிப் பயனற்றுப் போகும். புளோரிடாக் கடலையில் தற்செயலாக ஓர் எழுத்து புகுந்து நேர்ந்ததும் இதே வகையான பழுதுதான்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாப் படிகளிலும் பொதுவாக இருக்கும் 20 எழுத்துகளை எடுத்துக்கொண்டால், அவை அனைத்தையும் ஒரே முறையில் திருத்திவிடலாம். கேமலினா என்னும் எண்ணெய்ச் செடியில் ஃபேட்-2 மூன்று இணைகளாக உள்ளது. கிரிஸ்பர் கொண்டு அவற்றை ஒருசேரத் திருத்தியபோது ஒலியிக் 16 விழுக்காட்டிலிருந்து 50க்கு மேல் உயர்ந்தது. சோயாவில் இந்த வேலையைச் செய்தது டேலன் என்னும் இன்னொரு வகை வெட்டுக்கருவி. விதையில் செயல்படும் இரண்டு ஃபேட்-2 மரபணுக்களை நிறுத்தியதில், ஒலியிக் 20 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏறியது. லினோலியிக் 50இலிருந்து 4க்கும் கீழே இறங்கியது. இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது; அந்த எண்ணெய் 2019இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுசேர்க்கப் பெரும்பாலும் ஒரு மண் பாக்டீரியாவின் உதவியால் அயல் மரபணுவைப் புகுத்தவே வேண்டியிருக்கிறது. ஆனால் அது திருத்தப்பட்ட இடத்திலிருந்து தள்ளி, மரபுத்தொகுதியின் வேறோர் இடத்தில் அமர்ந்திருக்கும். அடுத்த தலைமுறையில் இரண்டும் பிரிந்து சேரும்போது, திருத்தம் மட்டும் இருந்து கருவி இல்லாத செடிகளும் கிடைக்கும், அவற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிரிவினையை நம்பித்தான் இந்தியச் சட்டமும் வேறுபாடு காட்டுகிறது. அயல் மரபணு எதுவும் மிஞ்சாத திருத்தப் பயிர்களுக்கு, 1989ஆம் ஆண்டின் மரபணு மாற்ற விதிகளில் சிலவற்றிலிருந்து 2022 மார்ச் மாதத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த வழியில் உருவான இரண்டு நெல் ரகங்கள் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற மரபணு மாற்றக் கடுகு வேறு வகை. அதில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மரபணுக்கள் உள்ளன, அதன் நோக்கமும் வீரிய ஒட்டு விதை தயாரிப்பதேயன்றி எண்ணெயின் குணத்தை மாற்றுவது அன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் காணப்படுகிறது.

இனி மலைக்குளிருக்குத் திரும்ப வேண்டும். ஃபேட்-2 நொதியைச் செடி நம் வறுவலுக்காக வைத்திருக்கவில்லை. இலையிலும் வேரிலும் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் கொழுப்பாலான மெல்லிய சவ்வால் சூழப்பட்டுள்ளது. குளிரில் தேங்காய் எண்ணெய்க்கு நேர்வது அந்தச் சவ்வுக்கும் நேராதிருக்க, செடி அதில் இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டி அதை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. ஃபேட்-2 முழுவதும் பழுதான அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுக்கூடச் சிறு செடிகளை 6 பாகைக் குளிரில் வைத்தபோது அவை வாடி மடிந்தன. கேமலினாவிலும் எல்லாப் படிகளும் முற்றாக நின்ற செடிகள் குட்டையாகக் குன்றின. ஆகவே திறமை எந்தப் படியை நிறுத்துவது என்பதில் இருக்கிறது. சோயாவில் விதைக்கென்று தனியாகவும் மற்ற உறுப்புகளுக்கென்று தனியாகவும் ஃபேட்-2 இருப்பதால், விதைக்குரியதை மட்டும் நிறுத்தி இலையையும் வேரையும் காப்பாற்ற முடிந்தது. எந்தப் பயிரில் அப்படியொரு பிரிவு இல்லையோ, அங்கே முற்றாக நிறுத்தாமல் குறைத்து வைப்பதே விவேகம்.

இதே குளிர் எண்ணெயையும் மாற்றும். வழக்கமான சூரியகாந்தியைச் சமவெளி வெயிலில் விளைவித்தால் ஒலியிக் கூடும். மணி பிடிக்கும் காலத்து இரவுகள் குளிராக இருந்தால் ஃபேட்-2 சுறுசுறுப்பாகி லினோலியிக் கூடும். ஒரே விதை, இரண்டு இடங்களில் இரண்டு எண்ணெய். நொதி நின்றுபோன ரகத்தில் இந்த ஊசலாட்டம் வெகுவாகக் குறைகிறது. ஒரே தரத்தில் எண்ணெய் வேண்டும் ஆலைகளுக்கு இது ஒரு பெரிய வசதி.

ஒலியிக்கைக் கூட்டுவது மட்டுமே இலக்கு என்று கொள்ள வேண்டாம். ஸ்டியரிக்கை ஒலியிக்காக மாற்றும் கட்டத்தைத் தளர்த்தி, ஸ்டியரிக் கால் பங்கு அளவுக்கு ஏறிய சூரியகாந்தி வரிசைகளை ஸ்பெயினில் சடுதிமாற்றம் மூலம் பெற்றார்கள். ஹைட்ரஜன் ஏற்றாமலே கெட்டித்தன்மை தரும் இவ்வகை எண்ணெய் வர்க்கி போன்ற பண்டங்களுக்கு ஏற்றது. கடுகில் பாதியளவு வரை இருக்கும் எரூசிக்கை 2 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த பூசா ரகங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. அவை திருத்தத்தால் வந்தவை அல்ல, கலப்பினப் பெருக்கத்தால் வந்தவை.

ஒலியிக் மிகுந்த எண்ணெயின் உண்மையான பயன், நெடுநாள் கெடாமல் இருப்பதும் வாணலியில் திரும்பத் திரும்பக் காய்ந்தாலும் தாங்குவதும்தான் என்பது என் கருத்து. அதை மருந்துபோல் விற்பது மிகை. 70 விழுக்காட்டுக்கு மேல் ஒலியிக் உள்ள எண்ணெயை நிறைவுற்ற கொழுப்புக்கு மாற்றாகக் கொண்டால் இதய நோய் அபாயம் குறையக்கூடும் என்ற வாசகத்தை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது. அதற்கான சான்று உறுதியானதன்று, ஆதரவானது மட்டுமே என்ற நிபந்தனையோடு அனுமதித்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. லினோலியிக்கும் லினோலெனிக்கும் நம் உடலால் தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய அமிலங்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

விவசாயிக்கு வேறொரு கணக்கு உண்டு. இப்பயிர்களில் பெரும்பாலானவற்றில் பழுதான படி எல்லாம் ஒருங்கே இருந்தால்தான் குணம் வெளிப்படும் என்பதால், பக்கத்து வயலின் சாதாரண ரகத்து மகரந்தம் கலந்தால் அந்த விதையின் ஒலியிக் இறங்கிவிடும். கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். எனவே கிர்னார் விதையைத் தனியே காயவைத்து, தனியே மூட்டை பிடித்தால் தூய்மை காக்கப்படும். தேனீயை நம்பியிருக்கும் சூரியகாந்திக்கு அது போதாது. போதிய இடைவெளி விட்டோ பூக்கும் காலத்தைத் தள்ளியோ விதைக்க வேண்டும். கொள்முதல் செய்பவர் ஒலியிக் அளவைச் சோதித்துக் கூடுதல் விலை தராத வரையில் இந்தச் சிரமத்தை மேற்கொள்ள எந்த விவசாயியும் முன்வர மாட்டார். அந்தச் சோதனையைக் களத்தருகே நொடிகளில் செய்யக்கூடிய அகச்சிவப்புக் கதிர்க் கருவிகள் இன்று இருக்கின்றன.